நன்றி மறவா வாதவூரர்

பாண்டி நாட்டின் பழந்தலைநகராகிய மதுரைக்குக் கிழக்கே, மேலூரை அடுத்து, வயலும் கண்மாயும் சூழ்ந்த சமவெளியில் அமைந்த சிற்றூர் திருவாதவூர். ஊர் சிறிது, அதன் பெயரோ தமிழ் வழங்கும் இடமெல்லாம் பரவியது. சங்கப் புலவருள் தலைசிறந்த கபிலர் பிறந்த ஊர் இதுவே எனத் திருவிளையாடற் புராணம் கூறும். ஊரை அடுத்த குன்றொன்றின் குகைத்தளத்தில் பண்டைத் தமிழ்ப் பிராமி எழுத்துக்கள் இன்றும் காணப்படுகின்றன. ஊரின் நடுவே திருமறைநாதர் திருக்கோயில் பொலிகின்றது. இத்துணைப் பழமை வாய்ந்த ஊரில் தோன்றியவரே திருவாசகம் அருளிய மாணிக்கவாசகர். ஊர்ப் பெயரே அவருக்கு உரிய பெயராயிற்று. வாதவூரர் என்றும், வாதவூரடிகள் என்றும் உலகம் அவரை அழைத்தது.

வாதவூரர் அமாத்தியர் மரபில் பிறந்தவர் என்பர். அமாத்தியர் என்பார் அரசர்க்கு அமைச்சராய் அமைந்த அந்தணர். கூரிய அறிவும் அடங்கிய ஒழுக்கமும் ஒருங்கே பெற்ற இப்பிள்ளை, பதினாறு வயது நிரம்புமுன்பே கற்பன அனைத்தும் கற்றுத் தேர்ந்தார் என்று புராணம் புகலும். அவருடைய புகழ் மதுரை மாநகரை எட்டியது. அரிமர்த்தன பாண்டியன் அவரை அழைத்து, அறிவின் ஆழம் கண்டு வியந்து, தன் முதலமைச்சராக அமர்த்தித் தென்னவன் பிரமராயன் என்னும் பட்டமும் நல்கினான். பிறர் முதுமையிலும் எய்தற்கு அரிய பதவி இளமையிலேயே அவரைத் தேடி வந்தது. பொன்னும் மணியும், பல்லக்கும் குடையும், ஏவல் கேட்கும் சுற்றமும் அவரைச் சூழ்ந்தன.

ஆயினும் அவர் உள்ளம் அமைதி பெறவில்லை. பகலெல்லாம் அரசியற் கடமைகளைக் குறைவின்றி ஆற்றுவார். இரவில் தனித்திருந்து, பிறவியின் பயன் இதுதானோ என்று எண்ணி ஏங்குவார். பெற்றவை பலவாயினும், பெற வேண்டியது ஒன்று பெறப்படாமல் நின்றது என்பதே அவ்வேக்கத்தின் காரணம். உண்மையுணர்த்தும் ஆசிரியர் ஒருவரைக் காண வேண்டும் என்னும் வேட்கை நாளுக்கு நாள் அவரிடம் வளர்ந்தது.

இவ்வாறிருக்கையில், கீழைக் கடற்கரைத் துறையில் வேற்று நாட்டு வணிகர் உயர்ந்த குதிரைகளைக் கொணர்ந்து இறக்கியுள்ளனர் என்ற செய்தி பாண்டியன் செவிக்கு எட்டிற்று. குதிரைப் படை குறைந்திருந்த காலம் அது. தமிழகத்தில் உயர்ந்த குதிரைகள் பிறப்பதில்லை. பண்டு தொட்டே அவை கலத்தில் கடல் கடந்து வந்தன. ஆகவே கருவூலத்தைத் திறந்து பெரும்பொருள் எடுத்துக் கொடுத்து, நல்ல குதிரைகளை வாங்கி வருமாறு அமைச்சரை அரசன் பணித்தான். வாதவூரரும் சொக்கநாதரை வணங்கி விடைபெற்றுப் படையும் பரிவாரமும் சூழப் புறப்பட்டார்.

வழியில் எதிர்ப்பட்டது திருப்பெருந்துறை. இன்று ஆவுடையார்கோயில் என்னும் பெயருடன் புதுக்கோட்டை மாவட்டத்தில் விளங்குவது அவ்வூரே. அங்கே சோலை ஒன்றில் சிவநாம ஒலி எழுந்தது. ஒலி வந்த திசை நோக்கி அமைச்சர் நடந்தார். குருந்த மரத்தின் நிழலில், அடியார் குழாம் சூழ, ஆசிரியர் ஒருவர் வீற்றிருந்தார். அவரைக் கண்ட அளவில் வாதவூரரின் நெஞ்சம் நெருப்பைச் சேர்ந்த மெழுகாயிற்று. ஆண்டுகள் பலவாகத் தேடிய பொருள் தாமே எதிர்வந்து நின்றதை உணர்ந்தார். அடியற்ற மரம்போல் வீழ்ந்து வணங்கினார். ஆசிரியர் தம் திருவடியை அவர் தலைமேல் சூட்டி ஐந்தெழுத்தை அறிவுறுத்தினார். குருவாக வந்தவர் சிவபெருமானே என்பது சைவர் கொள்கை. அமைச்சர்க்கு உரிய ஆடையணிகள் அப்போதே அகன்றன. அடியார்க்கு உரிய வெண்ணீறு மேனியில் விளங்கியது.

குதிரை வாங்கக் கொண்டுவந்த பொருள் திருக்கோயில் திருப்பணிக்கும் அடியார் வழிபாட்டிற்கும் செலவாயிற்று. இச்செயலை வியந்து பாராட்டுவோர் பலர். எனினும், நாட்டைக் காக்கும் படைக்கென ஒதுக்கிய பொருளை அமைச்சர் பிறிதொன்றிற்குச் செலவிட்டது அரசியல் முறைப்படி பிழையே என்பதை மறைத்தல் ஆகாது. பாண்டியன் சினந்தது முறையன்று என்று எவரும் கூறவியலாது. வாதவூரரும் அவ்வாறு கூறவில்லை. இக்குறிப்பை நெஞ்சில் நிறுத்தினால்தான் பின்வரும் நிகழ்ச்சிகளின் பொருள் நன்கு விளங்கும்.

ஒற்றர் வாயிலாகச் செய்தியறிந்த மன்னன், குதிரைகளுடன் உடனே வருக என ஓலை போக்கினான். வாதவூரர் செய்வதறியாது ஆசிரியரை நினைத்தார். ஆவணி மூல நாளில் குதிரைகள் வந்து சேரும் என்று அரசனுக்கு அறிவிக்குமாறு அருள் பிறந்தது. அமைச்சர் மதுரைக்குத் திரும்பி அவ்வாறே கூறினார். நாட்கள் கடந்தன, குதிரைகள் வரும் குறியொன்றும் தோன்றவில்லை. அரசன் அவரைச் சிறையிட்டுத் துன்புறுத்தினான். ஆவணி மூலத்தன்று, குதிரை வணிகர் தலைவராய்ச் சிவபெருமான் வந்தருளினார் என்றும், காட்டு நரிகளே குதிரைகளாகி மதுரை வீதியில் நடைபயின்றன என்றும் திருவிளையாடற் புராணம் சுவைபட விரித்துரைக்கும். மகிழ்ந்த மன்னன் அமைச்சரை விடுவித்தான். அன்றிரவே குதிரைகள் மீண்டும் நரிகளாயின. பந்தியிலிருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் கொன்று காட்டை நோக்கி ஓடின. பொழுது விடிந்தது. வாதவூரரை வைகையாற்றுச் சுடுமணலில் நிறுத்தி ஒறுக்குமாறு அரசன் ஆணையிட்டான்.

அப்பொழுது வைகை பெருக்கெடுத்தது. கரை உடைந்து வெள்ளம் நகருக்குள் புகுந்தது. வீட்டிற்கு ஓர் ஆள் வந்து கரையடைக்க வேண்டும் என்று பறையறைவித்தான் மன்னன். பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்தி என்னும் மூதாட்டிக்கு ஆள் ஒருவரும் இல்லை. அவள் கலங்கி நின்றபோது, கூலியாள் ஒருவன் தலையிற் கூடையும் தோளில் மண்வெட்டியுமாக அவள்முன் தோன்றினான். உதிர்ந்த பிட்டே கூலி என்று பேசிக்கொண்டான். உண்டான், ஆடினான், பாடினான், உறங்கினான், வேலையை மட்டும் செய்யவில்லை. கண்டு வெகுண்ட பாண்டியன் பிரம்பால் அடித்தான். அவ்வடி அரசன் முதுகிலும், அரசி முதுகிலும், உலகிலுள்ள எல்லா உயிர்களின் மேலும் பட்டது. கூலியாள் ஒரு கூடை மண்ணைக் கொட்டி மறைந்தான், கரை அடைபட்டது. உண்மை உணர்ந்த பாண்டியன் வாதவூரரை வணங்கிப் பொறுத்தருள வேண்டினான்.

இக்கதையைத் தமிழ்ப் பிள்ளைகள் அனைவரும் கேட்டிருப்பர். ஆனால் இதில் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. பிற்காலத்தில் வாதவூரர் பாடிய பாடல்களில் இந்நிகழ்ச்சிகள் சிற்சில இடங்களில் குறிக்கப்படுகின்றன. அங்கெல்லாம் அவர் எதனை நினைவு கூர்கின்றார்? தாம் சுடுமணலில் நின்றதையா? சிறையில் வாடியதையா? இல்லை. மதுரையில் மண் சுமந்த இறைவன் மேனியிற் பட்ட புண்ணையே நினைந்து அவர் உருகுகின்றார். தம் பொருட்டுப் பிறர் பட்ட துன்பம் அவர்க்குப் பெரிதாய்த் தோன்றிற்று. தாம் பட்ட துன்பமோ நினைவிலிருந்தே நீங்கிற்று. தம்மை ஒறுத்த வேந்தனைப் பழித்து அவர் ஒரு பதிகமும் பாடவில்லை. பகைமைக்கு இடம் கொடுத்திருப்பின் அதற்குக் காரணம் காட்டுதல் அவர்க்கு எளிதே. நன்றி நிறைந்த நெஞ்சில் அதற்கு இடம் இல்லாமற் போயிற்று.

ஆனால் வாதவூரரை வருத்திய பெருந்துன்பம் மன்னனால் வந்ததன்று. அது பின்னரே வந்தது. அமைச்சுரிமையை அறவே துறந்து, ஆசிரியரை நாடித் திருப்பெருந்துறைக்கு விரைந்தார் அவர். சின்னாள் அத்திருக்கூட்டத்தில் இன்புற்றிருந்தார். பின்னர் ஆசிரியர் தம் அடியார்களைத் தம்முடன் அழைத்துக்கொண்டு மறைந்தருளினார். வாதவூரரை மட்டும் இவ்வுலகில் இருந்து தலந்தோறும் பாடி வருமாறு பணித்துச் சென்றார். உடனிருந்தார் அனைவரும் வீடு பெற்றனர். தாம் ஒருவர் மட்டும் மண்ணில் எஞ்சி நின்றார். தாயைப் பிரிந்த கன்றின் நிலை அவர்க்கு உண்டாயிற்று.

தனிமை மனத்தைத் தின்னும் நோய். உடன் பயின்றவர் உயர்ந்த நிலை அடையத் தாம் மட்டும் பின்தங்கினோம் என்னும் எண்ணம் அதனினும் கொடியது. தேர்வில் தோழர் வெல்லத் தான் தோற்ற மாணவனும், உடன்பிறந்தார் வாழத் தான் தாழ்ந்த ஒருவனும் இத்துன்பத்தை ஒருவாறு அறிவர். தகுதியின்மையால்தான் விடப்பட்டோம் என்று வாதவூரர் நினைத்தார். தம் அன்பு பொய்யன்பு, தம் நெஞ்சு கல்நெஞ்சு, தம் கண் மரக்கண் என்றெல்லாம் தம்மையே இகழ்ந்தார். நூறு பாடல்கள் கொண்ட திருச்சதகத்தில் இவ்விகழ்ச்சி பலவிடத்தும் வெளிப்படுகின்றது. அன்புடையார் அழுதார், ஆடினார், பெற்றார்; அவ்வன்பில்லாத தாம் எதற்காக இன்னும் உடலைச் சுமந்து திரிகின்றோம் என்று வினவும் அளவிற்கு அவர் தளர்ந்தார்.

இராமநாதபுரச் சீமையிலுள்ள திருவுத்தரகோசமங்கையில் அவர் பாடியது நீத்தல் விண்ணப்பம். ஐம்பது பாடல்களிலும், தம்மை விட்டுவிடுவாயோ என்னும் கேள்வி அலையலையாய் எழுகின்றது. இரு முனையிலும் தீப்பற்றிய கட்டையின் நடுவே சிக்கிய எறும்பாகவும், மத்திடைப்பட்ட தயிராகவும், வெள்ளம் அரிக்கும் ஆற்றங்கரை மரமாகவும் தம்மை அவர் காண்கின்றார். வைகைக் கரையின் நிலையாமையைக் கண்ணாற் கண்டவர் அல்லரோ அவர்! மனத்தளர்ச்சியை இவ்வளவு மெய்யாக உரைத்த நூல் தமிழில் மிகச் சிலவே.

எனினும் அப்பாடல்களை ஊன்றி நோக்குவார்க்குப் பிறிதொன்றும் புலப்படும். விட்டுவிடுவாயோ என்று அஞ்சும் முதற்பாட்டிலேயே, கடையேனாகிய தம்மைக் கருணையால் கலந்து ஆட்கொண்டவன் இறைவன் என்பதும் சொல்லப்படுகின்றது. அச்சம் ஒருபுறம், பெற்ற பேற்றின் நினைவு ஒருபுறம். இரண்டும் ஒரு பாட்டிலேயே நிற்கின்றன. விடப்பட்டேன் என்று நெஞ்சு கூறும்போது, முன்னர் எடுத்தணைத்தவர் எவர் என்று நன்றி எதிர்வினா எழுப்புகின்றது. தளர்ச்சி முற்றும் வரை காத்திருந்து பின்னர் அவர் நன்றி பாராட்டினார் அல்லர். தளர்ச்சியின் நடுவே நின்றுகொண்டே பாராட்டினார்.

அவர் கையாண்ட முறை தனிச்சிறப்பு வாய்ந்தது. தம்மைத் தாழ்ந்தவர் என்று எண்ணும் மனத்தை அவர் மறுத்து வழக்காடவில்லை. நான் உயர்ந்தவன், குறையற்றவன் என்று பொய்யாக அதனைத் தேற்றவும் இல்லை. தாழ்ந்தவன் என்பதை ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டு, அத்தாழ்வையே பெற்ற அருளை அளக்கும் கோலாக மாற்றிக்கொண்டார். நாயினும் கடைப்பட்ட தமக்குத் தாயினும் மேலான அன்பு கிடைத்தது என்று சிவபுராணத்தில் உருகுகின்றார். கண்ணப்பர்க்கு இருந்ததுபோன்ற அன்பு தமக்கு இல்லை. இல்லாதபோதும் தம்மை ஏற்றுக்கொண்டார் இறைவர் என்று திருக்கோத்தும்பியில் வியக்கின்றார். கண்ணப்பருடன் தம்மை ஒப்பிட்டு வாடியிருக்கலாம். அவரோ அவ்வொப்பீட்டின் முடிவில் நன்றியைக் கண்டார். பாண்டி நாட்டு உழவர் கண்மாயின் பள்ளத்தைக் கண்டு வருந்துவதில்லை. பள்ளம் எவ்வளவோ அவ்வளவு நீர் தங்கும் என்பதை அவர் அறிவர். வாதவூரர் தம் பள்ளத்தை அவ்வாறே கண்டார்.

போற்றித் திருவகவல் என்பது 225 அடிகள் கொண்ட நெடும்பாட்டு. அதில் அவர் ஒரு புதுமை செய்கின்றார். தாம் இழந்தவற்றை எண்ணாது, தப்பியவற்றை எண்ணுகின்றார். கருவில் உருவாகிய நாள் தொடங்கி, திங்கள் ஒவ்வொன்றிலும் அழிவு நேர்ந்திருக்கக் கூடும், நேரவில்லை. பத்துத் திங்களையும் இவ்வாறே வரிசையாகக் கூறுகின்றார். பிறந்த பின்னும் இடர்கள் பல. காலைக் கடன், உச்சிப் பசி, இரவின் உறக்கம் முதலாக, கற்றவர்க்கு வரும் செருக்கு, பொருளுடையார்க்கு வரும் தொல்லை, இல்லார்க்கு வரும் கொடுமை ஈறாக ஒன்றொன்றையும் எடுத்துரைத்து, இவை எல்லாவற்றினின்றும் உய்ந்து இந்நிலைக்கு வந்தமை அருளன்றி வேறென்ன என்று தெளிகின்றார். அதன்பின் பாட்டு முழுவதும் போற்றி மழையாகப் பொழிகின்றது. தாயின் வயிற்றில் இருந்த நாளையும் தனக்குச் செய்யப்பட்ட உதவி என்று கணக்கில் எழுதியவர் வேறு எவர் உளர்? நாம் உயிரோடிருத்தலை இயல்பென்று எண்ணுகின்றோம். இயல்பென்று எண்ணுவதற்கு எவரும் நன்றி கூறுவதில்லை.

அமைச்சராய் இருந்து கருவூலக் கணக்குப் பார்த்த பழக்கமும் அவர் பாட்டில் ஓரிடத்தில் எட்டிப்பார்க்கின்றது. கோயில் திருப்பதிகத்தில், இறைவன் தன்னைத் தந்து வாதவூரரைக் கொண்டதை ஒரு கொள்முதலாக வைத்துப் பேசுகின்றார். கொடுத்ததோ அளவில்லாப் பொருள். கொண்டதோ ஒன்றுக்கும் உதவாப் பொருள். இவ்வாணிகத்தில் ஊதியம் பெற்றவர் எவர், இழந்தவர் எவர் என்று கேட்டுத் தம் ஊதியத்தை எண்ணி மகிழ்கின்றார். குதிரை வாங்கப் போய் அரசன் பொருளை இழந்தவர், ஈண்டு முதலின்றியே பெரும்பொருள் ஈட்டிய வணிகராகின்றார்! திருவாசகம் அழுகை நூல் என்பாருக்கு இப்பாட்டின் நகைச்சுவை தெரியாது போலும்.

தளர்ந்த மனம் தனிமையை நாடும். நன்றியுள்ள மனம் துணையை நாடும். திருவண்ணாமலைக்கு வாதவூரர் சென்றது மார்கழியில் என்பர். விடியற்காலையில் அவ்வூர் மகளிர் ஒருவரையொருவர் எழுப்பி, குழாமாகச் சேர்ந்து நீராடச் சென்றனர். அக்காட்சியே திருவெம்பாவையின் இருபது பாடல்களாக மலர்ந்தது. அம்மானை ஆடுவோரைக் கண்டு திருவம்மானை பாடினார். பின்னர்த் தில்லையில், பொற்சுண்ணம் இடிப்பார்க்கும், பூப்பறிப்பார்க்கும், ஊசல் ஆடுவார்க்கும், உந்தி பறப்பார்க்கும் எனத் தனித்தனிப் பாடல்கள் பிறந்தன. அரசவையில் அமர்ந்திருந்த பேரறிஞர் சிறுமியர் விளையாட்டிற்குப் பாட்டெழுதித் தந்தார். நீத்தல் விண்ணப்பத்தில் தனியராய் நின்று அழுத குரலும், பலரோடு கூடி ஆடும் இக்குரலும் ஒருவர்க்கே உரியவை என்பது வியப்பேயாம். இவற்றுள் எது முன், எது பின் என்று வரையறுத்தல் அரிது. பெரியோர் நெஞ்சிலும் துயரும் மகிழ்வும் மாறிமாறி வருதல் உண்டு.

திருக்கழுக்குன்றம் முதலிய தலங்களை வணங்கிக்கொண்டு தில்லை சேர்ந்த வாதவூரர் அங்கேயே தங்கினார். அச்சப்பத்து என்னும் பதிகத்தில், பாம்பும் வேலும் நோயும் தமக்கு அச்சம் விளைப்பன அல்ல என்றும், இறைவனிடத்து அன்பில்லாதாரைக் காணின் அஞ்சுவதாகவும் பாடியுள்ளார். சுடுமணலில் நின்று நடுங்கியவர் பெற்ற உறுதி இது. ஈழத்திலிருந்து வந்த புத்தக் குருமாரோடு அவர் சொற்போர் நிகழ்த்தி வென்றார் என்றும், உடன் வந்த ஈழ மன்னனின் ஊமை மகளைப் பேசச் செய்தார் என்றும் புராணம் கூறும். அவளுடைய வினாவும் விடையுமாக அமைந்ததே திருச்சாழல் என்பர். சமயங்கள் ஒன்றோடொன்று வழக்கிட்ட காலத்துச் செய்தி அது. வாதத்தில் வென்றாரென்பதைக் காட்டிலும், வாய் பேசாப் பெண்ணொருத்திக்குச் சொல் கிடைத்தது என்பதே அக்கதையில் நெஞ்சைத் தொடும் பகுதி.

ஒருநாள் அந்தணர் ஒருவர் வந்து, வாதவூரர் பாடியவற்றையெல்லாம் அவர் வாயாலே கேட்டு ஓலையில் எழுதிக்கொண்டார். மறுநாட் காலையில் அவ்வோலைச் சுவடி தில்லைக் கோயிலின் வாயிற்படியில் இருந்தது. மாணிக்கவாசகன் சொல்லத் தில்லைப் பெருமான் எழுதியது என்னும் குறிப்பு அதில் காணப்பட்டதாம். தில்லைவாழ் அந்தணர் சுவடியுடன் வாதவூரரை அடைந்து, இப்பாடல்களின் பொருள் யாது என வினவினர். அவர் நூற்பொருள் விரித்துரைக்கவில்லை. அவர்களைக் கோயிலுக்கு அழைத்துச் சென்று, ஆடும் பெருமானைச் சுட்டி, இவரே பொருள் என்று காட்டி, அவ்வொளியிற் கலந்தார். அவர் இவ்வுலகில் வாழ்ந்தது 32 ஆண்டுகளே என்பது வழிவழிச் செய்தி. ஆனி மாதத்து மக நாள் அவருடைய குருபூசை நாளாகப் போற்றப்படுகின்றது.

அவர் வாழ்ந்த காலம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு மிகுதி. தேவாரம் பாடிய மூவர்க்கும் முற்பட்டவர் என்பார் ஒரு சாரார். மறைமலையடிகள் அக்கொள்கையை வலியுறுத்திப் பெருநூல் எழுதினார். திருக்கோவையாரில் வரகுண பாண்டியன் குறிக்கப்படுதலின், கி.பி. 9-ஆம் நூற்றாண்டினர் என்பார் மற்றொரு சாரார். பன்னிரு திருமுறைகளுள் எட்டாவது திருமுறையாகத் திருவாசகமும், 400 பாடல்கள் கொண்ட திருக்கோவையாரும் வைக்கப்பட்டுள்ளன. திருவாசகத்துள் பதிகங்கள் 51.

திருவாசகத்தின் இனிமை தமிழ் எல்லையோடு நில்லாது கடல் கடந்தது. கிறித்தவ சமயப் பணியாளராகத் தமிழகத்திற்கு வந்து தமிழராகவே மாறிய போப்பையர், தம் எண்பதாம் அகவையில், 1900-ஆம் ஆண்டில், திருவாசகம் முழுவதையும் ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார். சமயம் வேறாயினும் அப்பாடல்களின் உருக்கம் அவரை ஈர்த்தது. சயாம் என முன்னர் வழங்கிய தாய்லாந்து நாட்டின் தலைநகரில், அரசவை அந்தணர் நடத்தும் மார்கழி, தை மாதத்து விழாவிற்குத் திருவெம்பாவை, திருப்பாவை என்னும் பெயர்கள் சிறிது திரிந்து இன்றும் வழங்குகின்றன. அவ்விழாவின் பகுதியாக நிகழ்ந்த பேரூசல் ஆட்டம் 1935-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. ஊசலின் செந்நிறத் தூண்கள் மட்டும் நகர நடுவே உயர்ந்து நிற்கின்றன.

திருப்பெருந்துறைக் கோயிலில் கருவறையில் இலிங்கத் திருவுருவம் இல்லை. ஆவுடை மட்டுமே உண்டு. புழுங்கலரிசிச் சோற்றைச் சுடச்சுடக் கல்மேடையில் கொட்டி, எழும் ஆவியையே இறைவனுக்குப் படையலாக்குவர். உருவின்றி நிற்கும் பொருளுக்கு உருவின்றி எழும் ஆவி! மாணிக்கவாசகரின் திருவுருவமோ அங்கும் பிற சிவன் கோயில்களிலும் கையில் ஓலைச்சுவடி ஏந்திய இளைஞர் கோலத்தில் காட்சி தருகின்றது.

மதுரையில் ஆண்டுதோறும் ஆவணி மூலத் திருவிழா நடைபெறும்பொழுது, திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகர் திருவுருவம் அம்மாநகருக்கு எழுந்தருளுகின்றது. நரி பரியான நிகழ்ச்சியும், பிட்டுக்கு மண் சுமந்த நிகழ்ச்சியும் அவ்விழாவில் நடித்துக் காட்டப்பெறுகின்றன. வைகைக் கரையை அடுத்த புட்டுத்தோப்பில் மக்கள் திரள்திரளாகக் கூடுகின்றனர். வந்தியின் நினைவாக அன்று மதுரையில் பிட்டு அவிக்கப்படுகின்றது. விழா நிறைவுற்றதும், ஒருகாலத்தில் அந்நகரின் முதலமைச்சராய் வீற்றிருந்த வாதவூரர் தம் சிற்றூருக்கே திரும்புகின்றார்.